துடிக்கும் இதயத்தில் தையல்

1975-ஆம் ஆண்டு சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். இதயத்தை நிறுத்தி, குருதியை இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே திருப்பி, அசைவற்ற தமனியில் தையலிடுவதே அந்நாளில் உலகின் பொது வழக்கம். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே தைக்கும் முறை அதற்குப் பின்வந்த முன்னேற்றம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறு வேறு. 1964 பிப்ரவரியில் லெனின்கிராடு நகரில் வசீலி கொலேசொவ் என்பவர் மார்பின் உட்புறத் தமனியை இயந்திரத் துணையின்றி இதயத் தமனியோடு இணைத்துவிட்டார். கிளீவ்லாந்தில் ஃபாவலோரோ கால் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்யத் தொடங்கியது 1967-இல்தான்.

கொலேசொவின் வழி ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1980-களில் பியூனஸ் அயர்ஸில் பெனெத்தியும் சாவோ பாவுலோவில் பூஃபோலோவும் அதை மீண்டும் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். 1990-களின் நடுவில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 'ஆக்டோபஸ்' என்னும் கருவி உருவாயிற்று. இதயத்தின் மேற்பரப்பை உறிஞ்சிப் பிடித்து, தைக்கும் இடத்தை மட்டும் அசையாமல் நிறுத்துவது அதன் வேலை. ஒருமுறை பயன்படுத்தி எறியவேண்டிய ஆக்சிஜனேற்றியின் செலவு மிச்சமாகும் என்பதும் சேர, இந்திய அறுவை மருத்துவர்கள் இம்முறையை விரும்பி ஏற்றனர். சென்னை முதல் கொச்சி வரை 'இதயத்தை நிறுத்தாமல்' என்பதே ஒரு விளம்பரச் சொல்லாயிற்று. நிறுத்தாததால் ஆபத்தும் குறைவு என்று நோயாளியின் குடும்பம் நம்புவது இயல்புதானே!

அந்நம்பிக்கையை உரசிப் பார்த்த ஆய்வுகள் இரண்டு. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2,203 பேரிடம் நடந்த 'ரூபி' ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் அடைபடாதிருந்த ஒட்டுக்குழாய்கள் துடிக்கும் இதய முறையில் 82.6 விழுக்காடு, இயந்திர முறையில் 87.8. ஐந்தாண்டில் இறந்தோர் முறையே 15.2, 11.9 விழுக்காடு. 19 நாடுகளில், இந்தியா உட்பட, 4,752 பேரிடம் நடந்த 'கொரோனரி' ஆய்வு வேறு விடை தந்தது. 30 நாள்களில் குருதியேற்றமும் சிறுநீரகப் பாதிப்பும் துடிக்கும் இதய முறையில் குறைவு. மறுசிகிச்சைத் தேவை சற்றே மிகுதி. ஐந்தாண்டு முடிவில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் 23.1-க்கு 23.6, வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம்.

இம்முரண் முழுவதையும் ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. எனினும் தைத்த கைகளைக் கவனிக்க வேண்டும். 'ரூபி'யில் சேர மருத்துவர் இம்முறையில் 20 அறுவைகள் செய்திருந்தால் போதும். 'கொரோனரி'யில் நூற்றுக்கு மேல் வேண்டும். துடிக்கும் இதயத்தில் தொடங்கிப் பாதியில் இயந்திரத்துக்கு மாறியவை முன்னதில் 12.4 விழுக்காடு, பின்னதில் 7.9. பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்தோருக்கு இம்முறையின் பயன் தனி: அத்தமனியைக் கவ்வாமலே தைக்க முடிவதால், படிவு உடைந்து மூளைக்குச் செல்லும் வாய்ப்புக் குறையும்.

அமெரிக்காவில் பைபாஸ் அறுவைகளில் இம்முறையின் பங்கு 2002-இல் 23 விழுக்காடாக இருந்து, 2012-இல் 17-ஆகச் சரிந்தது. இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் அதுவே இன்றும் அன்றாட வழக்கம்.