கிறிஸ்தவர் எழுதிய காதல் கதைதான் தமிழின் முதல் நாவல்! மொபைலிலேயே படிக்கலாம்

காதல் கதை வேணும், ஆனா வீட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி இருக்கணும். கிறிஸ்தவ காதல் நாவல் தேடுகிற பலரின் எதிர்பார்ப்பு இதுதான். அப்படி ஒரு நாவலை சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்திலேயே போனில் தொடங்கலாம்.

எழுதியவர் யார்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். இவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ல் அச்சானது.

கதை என்ன?

சின்ன வயதில் சேர்ந்து படித்த பிரதாபனும் ஞானாம்பாளும்தான் ஜோடி. பெரியவர்களின் பிடிவாதத்தால் தடைபட்ட கல்யாணம் ஒருவழியாக நடக்கிறது. பிறகு இருவரும் பிரிய நேர்கிறது. ஆண் வேஷம் போட்ட ஞானாம்பாள் விக்கிரமபுரிக்கு ராஜாவாகிறாள்! அங்கே சிறையில் கிடக்கும் கணவனை மீட்பதும் அவள்தான்.

மதப் பிரசாரம் இருக்கா?

இல்லை. கதை நடப்பது இந்துக் குடும்பங்களில். கடவுள் பக்தி, நேர்மை பற்றிய உபதேசம் நிறைய உண்டு. பெண்கள் படிக்கணும், கோர்ட்டில் தமிழில் வாதாடணும் என்று அன்றைக்கே பேசுகிறது.

எப்படிப் படிப்பது?

'மதுரைத் திட்டம்' இணையதளத்தில் இலவசம். நடுவில் கிளைக்கதைகள் அதிகம் என்பதால் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீங்க. தினம் ஒரு அதிகாரம் போதும். பிடித்துப்போனால் அடுத்து அவருடைய 'சுகுணசுந்தரி' (1887) இருக்கு.