உயிர்க் காலேசும் செத்த காலேசும்

சேலம் அஸ்தம்பட்டியினின்று ஏர்க்காட்டுச் சாலைவழியே செல்வோர் சேர்வராயன் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவைக் காண்பர். 1981-ஆம் ஆண்டில் தோன்றிய அப்பூங்காவின் பெயர் கற்றோர் ஆக்கிய தொடர். சென்னை மக்களோ விலங்குக் காட்சிச்சாலையை ‘உயிர்க் காலேசு’ என்றும், அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேசு’ என்றும் வழங்கினர். இவற்றை வெறும் நகைமொழி எனத் தள்ளுதல் பொருந்தாது. இவை வரலாற்றுச் சான்றுகள் என்பதே எம் துணிபு.

வேற்றுநாட்டு விலங்கு தமிழர்க்குப் புதிதன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை கூறும். பிற்காலப் பாண்டியர் ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகளைக் கலங்களில் வருவித்தனர். பேணும் முறை அறியாமையால் அவை விரைவில் இறந்தொழிந்தன என்பர் மார்க்கோ போலோ. இறப்பே வணிகத்தை வளர்த்தது போலும்! ஆயினும் அவை போர்க்கு வந்தவை, காட்சிக்கு அல்ல.

பொதுமக்கள் காட்சிக்கென விலங்குகளைத் திரட்டியவர் மருத்துவர் எட்வர்டு பால்பர். அவர் பொறுப்பிலிருந்த அருங்காட்சியகம் 1851-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் தொடங்கிற்று. அக்கல்லூரி, எல்லிஸ் முயற்சியால் 1812-இல் எழுந்து, ஆங்கில அலுவலர்க்குத் தமிழ் கற்பித்த இடம். தாண்டவராய முதலியார் ஆசிரியராய் விளங்கிய இடமும் அதுவே. ‘காலேசு’ என்னும் பெயர் ஈண்டுப் பிறந்து, காட்சிப்பொருள்கள் எழும்பூர்ப் பாந்தியன் தோட்டத்திற்குப் பெயர்ந்தபோது உடன் சென்றது எனக் கொள்ளலாம். பெருங்கட்டடம் எதனையும் மக்கள் அவ்வாறு அழைத்திருப்பர் எனின், மருத்துவமனையும் நீதிமன்றமும் அப்பெயர் பெறாமை என்னை?

உயிருள்ள புலிக்குட்டியைக் காணக் கூட்டம் திரள்வதைக் கண்ட பால்பர், 1855-இல் அவ்வளாகத்திலேயே விலங்குச்சாலை அமைத்தார். கருநாடக நவாபு குலாம் கௌசுகான் தம் விலங்குகளை அளித்தார். ஓராண்டளவில் அவை 300-க்கு மேலாயின. அதே 1855-இல் நவாபு மகப்பேறின்றி இறக்க, கும்பினியார் நவாபுப் பட்டத்தையே நீக்கினர். அரசனின் விலங்குகள் கூண்டில் எஞ்சின, அரசு எஞ்சவில்லை. உயிருள்ளனவும் உயிரற்றனவும் ஒரே வளாகத்தில் இருந்தமையால்தான் ‘உயிர்’, ‘செத்த’ என்னும் அடைகள் தேவைப்பட்டன. 1863-இல் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்கிற்குச் சென்றபோதும் பெயர் பிரியவில்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்திற்று. 1985-இல் விலங்குச்சாலை வண்டலூரில் அறிஞர் அண்ணா பெயரால் திறக்கப்பட்டது. காலேசு என்னும் பெயர் அத்துணைத் தொலைவு செல்லவில்லை.