உலர்ந்த அம்மைப்பால்

பெரியம்மையை வென்ற புகழில் அதன் தடுப்பூசிக்கு முன்னோடியான ஜென்னருக்கு அடுத்த பங்கு, லண்டன் லிஸ்டர் நிலையத்தின் லெஸ்லி காலியருக்குச் சேர வேண்டும். பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால், திரவமாக இருந்தவரை வெயில் நாடுகளில் சில நாட்களிலேயே வீரியம் இழந்தது, குத்தியும் பயனில்லை. உறையவைத்த நீரை வெற்றிடத்தில் நேரே ஆவியாக்கி உலர்த்தும் முறை அப்போது புதிதல்ல. இரண்டாம் உலகப் போரிலேயே ரத்தப் பிளாஸ்மா அப்படித்தான் போர்முனைக்குப் போனது. ஆனால் உயிருள்ள வைரஸ் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 1950களில் காலியர், புரதத்தைச் சிதைத்துப் பெறும் பெப்டைடு கலவையான பெப்டோனை 5 சதவீதம் சேர்த்து உலர்த்தினார். அந்தத் தூள் 37 டிகிரி வெப்பத்திலும் மாதக்கணக்கில் தாங்கியது.

நோயாளியைத் தேடிப் பிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்திய உத்திதான் வென்றது, மருந்தல்ல என்று சிலர் வாதிடுவார்கள். உத்தி பெரியதுதான். ஆனால் ஐஸ்பெட்டி எட்டாத கிராமத்துக்கு, நோயாளியைத் தேடிப் போன குழு வேறு எதை எடுத்துப் போயிருக்கும்? உலர்த்தல் நிரந்தரக் காப்பு அல்ல என்பதும் உண்மை. கரைத்ததும் பழைய பலவீனம் திரும்பிவிடும். இன்றைய ஆய்வகங்கள் பெப்டைடுகளைத் தூளாகக் குளிரில் வைத்து, கரைத்தபின் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைப்பதும் இதனால்தான். சென்னை கிண்டியின் கிங் நிலையமும் உலர் அம்மைப்பாலைத் தயாரித்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானது 1975 மே மாதத்தில்.