புடவையில் அள்ளினால் சரி, தூண்டிலில் பிடித்தால் தப்பு

எங்க ஊர் சித்தேரியில் ஓடை வற்றும் காலத்தில் மீன் பிடிக்கப் போவது பெண்கள்தான். பழைய புடவையை ரெண்டு பேர் விரித்துப் பிடிக்க, மூணாவது ஆள் மேலேயிருந்து தண்ணியைக் கலக்கிக்கொண்டே வருவாள். அரை மணி நேரத்தில் ஒரு குண்டான் கெண்டைப்பொடி சேர்ந்துவிடும். அம்மா, சித்தி, நான் எல்லாரும் போயிருக்கிறோம். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அண்ணன் மூங்கில் கோலும் முள்ளும் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்து வரட்டாறு அணைக்கு இறங்கும்போது நானும் வரேன் என்றால், "பொட்டப்புள்ளைக்கு தூண்டில் என்னாத்துக்கு?" என்பார்கள்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. புரியவைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு கதை.

போன வருஷம் தற்செயலாக ஒரு வீடியோ பார்த்தேன். அம்மா வயசுப் பெண்கள் படகிலிருந்து இறங்கி, பையில் உயிரோடு இருக்கும் மீன்களைத் தராசில் வைக்கிறார்கள். கூட்டம் கைதட்டுகிறது. எடை போட்டதும் மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். பாஸ் என்பது அங்குள்ள நன்னீர் மீன். பச்சை உடம்பு, பெரிய வாய். நம்ம விராலுக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஆனால் குணம் ஒன்றுதான்: பாசிக்குள் பதுங்கியிருந்து பாயும். இந்தப் பெண்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

பாஸ் மீன் பிடிப்பதைப் பெரிய பந்தயமாக்கியவர் ரே ஸ்காட். அலபாமாவில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனுஷன். 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஆளுக்கு நூறு டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கி முதல் போட்டியை நடத்தினார். அடுத்த வருஷம் 'பாஸ்' என்ற சங்கம். 1971இல் அதன் பெரிய இறுதிப் போட்டியான 'கிளாசிக்' தொடங்கியது. மீனைக் கொல்லாமல் திரும்ப விடும் வழக்கத்தையும் 1972 முதல் அவரே போட்டிக்குள் கொண்டுவந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் போட்டிகளில் பெண்களுக்கு இடம் கிடையாது.

காரணம் திறமை இல்லை. இது முக்கியம், கவனியுங்கள். அந்தப் போட்டிகளில் சீட்டுக் குலுக்கி இரண்டு பேரை ஒரு படகில் போடுவார்கள். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் சாட்சி. அப்படியானால், முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் நாள் முழுக்க ஒரே படகில் எப்படி இருப்பது? அவசரத்துக்கு ஒதுங்க எங்கே போவது? வீட்டில் மனைவி என்ன சொல்வாள்? இதுதான் வாதம்.

பெண்கள் காத்திருக்கவில்லை. டெக்சாசில் சுகர் ஃபெர்ரிஸ் என்ற பெண் 1976இல் 'பாஸ்ன் கேல்' என்று பெண்களுக்கே ஒரு போட்டித் தொடரை ஆரம்பித்தார். அது 1998 வரை நடந்தது. கிறிஸ் ஹூஸ்டன் என்பவர் அதில் ஏழு முறை அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை. அவர் கணவர் ஜிம்மி ஹூஸ்டனும் பேர்போன தூண்டில்காரர்.

ஆண்களின் போட்டிக் கதவு திறந்த விதம்தான் வேடிக்கை. மீன் பிடிப்பவர்கள் யாரும் மனம் மாறித் திறக்கவில்லை. போட்டி நடக்கும் ஏரிகள் பலவும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ள நீர்த்தேக்கங்கள். அரசாங்கத் தண்ணீரில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற விதி வந்து நின்றது. 1991இல் மிசௌரியின் ட்ரூமன் ஏரியில் வோஜாய் ரீட் என்ற பெண் இறங்கினார். அவர் 1986 கிளாசிக் வென்ற சார்லி ரீடின் மனைவி. அதன்பின் கிளாசிக் வரை போக இன்னும் பதினெட்டு வருஷம். 2006இல் பெண்களுக்கென்று தனிச் சுற்று தொடங்கி, அதன் வழியாக 2009இல் ஆஸ்திரேலியாக்காரி கிம் பெய்ன்-மூர், லூசியானாவின் ரெட் ஆற்றில் கிளாசிக்கில் கலந்துகொண்ட முதல் பெண் ஆனார். அடுத்த ஆண்டு பாம் மார்ட்டின்-வெல்ஸ் 22ஆவது இடம்.

இந்தப் பெயர்களைக் குறித்து வைத்தபோது ஒன்று தட்டுப்பட்டது. ஹூஸ்டன், ரீட் இருவருக்கும் பக்கத்தில் கணவர். 1922இல் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 64 பவுண்டு சால்மன் பிடித்து, பிரிட்டனில் இன்றுவரை உடையாத சாதனை வைத்திருக்கும் ஜார்ஜினா பாலண்டைனுக்குப் பக்கத்தில் அப்பா. வீட்டு ஆள் கூட இருந்தால் பெண் தூண்டில் பிடிப்பதில் யாருக்கும் சங்கடம் இல்லை. பரிசு, பேர், பக்கத்தில் வேற்று ஆள் என்று வரும்போதுதான் தூண்டில் ஆம்பளைப் பொருளாகிறது.

நம்ம பக்கமும் அப்பா கதைதான். அகநானூறு 216, ஐயூர் முடவனார் பாடியது. மெல்லிய கோலில் நாண் கட்டி மீன் பிடிக்கிற பாண்மகள் ஒருத்தி அதில் வருகிறாள். கரையில் அவளே பிடித்துப் போட்ட வராலை, கள் குடித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு வஞ்சி விறகில் சுட்டு ஊட்டுகிறாள். ஐங்குறுநூற்றில் வராலை வட்டியில் கொண்டுபோய்க் கொடுத்து நெல் வாங்கி வருகிறவளும் பாண்மகள்தான். பாணர் என்றால் யாழ் என்றே பள்ளிக்கூடத்தில் படித்தோம், இந்தத் தூண்டில்காரியை யாரும் காட்டவில்லை. பிச்சாவரம் கழிகளில் இன்றைக்கும் இருளர் பெண்கள் பறியை வாயில் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். குழம்புக்கு, கூலிக்கு, நெல்லுக்கு என்றால் எந்தக் காலத்திலும் தடை இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஏரியில் விரால் போட்டி என்று கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். ரப்பர் தவளையை வீசிப் பிடிக்க வேண்டும், அளந்துவிட்டு விட்டுவிட வேண்டும். பேர் எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "யார் கூட வந்திருக்கீங்கம்மா?" என்றார். "தனியாத்தான்" என்றேன். பேனா கொஞ்ச நேரம் நின்றது, பிறகு எழுதியது.

கரையில் இடம் சீட்டுக் குலுக்கல்தான். எனக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். மதியம் வரை இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு மேல் ஆகாசத்தாமரை ஓரமாகத் தவளையை இழுத்தபோது தண்ணீர் வெடித்தது. கை நடுங்கியதில் நரம்பைத் தளரவிட்டேன். "வுடாதம்மா, இறுக்கு, இறுக்கு" என்று அவர் கத்திக்கொண்டே வலையோடு ஓடி வந்தார். நாற்பத்தோரு சென்டிமீட்டர். எனக்குப் பரிசு ஒன்றும் இல்லை. பட்டியலில் பேர் இருந்தது.

ராத்திரி அரூரிலிருந்து கடைசி வண்டி ஏறி மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "நல்ல மொரட்டு விரால். எங்க அது?"

"விட்டுட்டேம்மா."

"விட்டுட்டியா? பஸ்சுக்குக் காசு குடுத்து, நாளெல்லாம் வெயில்ல நின்னு, விட்டுட்டா வந்த?" என்று அடுப்படிக்குள் போனவள், கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: "அடுத்தது எப்பவாம்?"