ஹயீம் சாமுவேல் கெஹிம்கரும் பெனே இஸ்ரேல் வரலாறும்

1. தோற்றுவாய்

ஒரு மக்கட்குழுவின் பழமையைக் காட்டக் கல்வெட்டோ செப்பேடோ கிடைக்காதபோது அக்குழுவின் வழக்குச் சொற்களே ஆவணமாகின்றன. கொச்சி யூதர்களிடம் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் பொறித்தளித்த செப்பேடு உள்ளது. கொங்கணக் கடற்கரையில் மராத்தி பேசி வாழ்ந்த பெனே இஸ்ரேல் என்னும் யூதர்களிடம் அத்தகைய பட்டயம் இல்லை. இக்குறையைச் சொற்களையும் வழக்காறுகளையும் கொண்டு நிரப்ப முயன்றவர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர்.

2. வாழ்வும் பணியும்

கெஹிம்கர் 1830இல் அலிபாகில் பிறந்தார். பம்பாயில் தம் இனத்துச் சிறுவர்க்கென 1875இல் பள்ளி நிறுவப்பட்டதில் அவர் பங்கு முதன்மையானது. பிற்காலத்தில் அது எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது. 1892இல் தம் மக்களின் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றைக் கல்வி உதவிக்கான வேண்டுகோளுடன் வெளியிட்டார். விரிவான வரலாற்றை 1897இல் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1937இல், இம்மானுவேல் ஓல்ஸ்வாங்கரின் முயற்சியால் டெல் அவிவ் நகரில் வெளிவந்தது. ஓல்ஸ்வாங்கர் நாட்டார் வழக்காற்றியலாளர்; வடமொழி நூல்களை எபிரேயத்தில் பெயர்த்தவர்.

3. சொற்கள் தரும் சான்று

கெஹிம்கர் என்னும் பெயரே அவரது முறைக்கு எடுத்துக்காட்டு. கிஹீம் என்பது அலிபாகை அடுத்த கடலோரச் சிற்றூர். மராத்தியில் ‘கர்’ என்னும் ஈறு இன்ன ஊரார் என்பதைக் குறிக்கும். பெனே இஸ்ரேல் குடும்பப் பெயர்களுள் பல இவ்வாறு ஊர்ப்பெயரோடு ‘கர்’ ஈறு சேர்ந்தமைந்தவை. அவற்றைத் தொகுத்தால் அம்மக்கள் பரவி வாழ்ந்த சிற்றூர்களின் வரைபடம் கிடைக்கும். எண்ணெய் ஆட்டுதல் அவர்தம் தொழில். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் அயலார் அவர்களைச் ‘சனிவார் தேலி’ என்றனர். ஓய்வுநாள் மரபுக்கு அயலார் வாய்மொழியே சான்றாயிற்று.

விழாப்பெயர்கள் இன்னும் செறிவானவை. பாவமன்னிப்பு நாளுக்கு எபிரேயப் பெயர் வழங்கவில்லை. கதவடைப்புத் திருநாள் என்னும் பொருளுடைய மராத்திப் பெயரே வழங்கியது. அன்று வீட்டுக் கதவை அடைத்து, பிறரோடு கலவாதிருந்தனர். மறுநாள் ‘ஷிளா சண்’, அதாவது பழையதின் திருநாள். பாஸ்கா விழா, புளித்த நீர்மம் உள்ள சாடியை மூடிவைக்கும் விழா எனப்பட்டது. கோயில் அழிவை நினைந்து நோற்கும் நோன்பு, அன்று உண்ணும் மொச்சைக் குழம்பின் பெயரால் ‘பிர்ட்யாச்சா ரோஜா’ ஆயிற்று. ‘ரோஜா’ பாரசீகச் சொல். முஸ்லிம் அயலாரின் தொடர்பைக் காட்டுவது. சமயச் சொல் மறைந்த பின்னும் சடங்கு நின்றது. சடங்கைக் கண்ணால் கண்டவாறே பெயர் புதிதாக அமைந்தது.

4. முடிவும் அதன் எல்லையும்

நவ்காவ் அருகே கப்பல் உடைந்து எழுவர் ஆடவரும் எழுவர் பெண்டிரும் கரைசேர்ந்தனர் என்பது குழுவின் மரபுக்கதை. இதனைக் கெஹிம்கர் கி.மு. 175 அளவில் வைத்தார். மக்கபேயர் வெற்றியைக் கொண்டாடும் ஹனுக்கா விழா இம்மக்களிடம் இல்லாமை, அவ்வெற்றிக்கு முன்பே அவர்கள் புறப்பட்டமைக்கு ஏதுவாகக் கொள்ளப்பட்டது. ஆயின் இல்லாமை மறதியாலும் நேரலாம். சித்பாவனரின் தோற்றக்கதை இக்கதையை ஒத்திருப்பதையும் ஆய்வாளர் சுட்டியுள்ளனர். 2016இல் வெளியான மரபணு ஆய்வு, இவர்களிடம் யூத, இந்திய மரபுகள் இரண்டும் கலந்துள்ளன என்றது. கெஹிம்கரின் காலக்கணிப்பை அது மெய்ப்பிக்கவில்லை.

எனினும் அவரது தொகுப்பு கணிப்பினும் உறுதியானது. 1832இல் ஜான் வில்சன் மராத்தியில் எபிரேய இலக்கணம் வெளியிட்டார். கொச்சி ஆசிரியர்கள் வழிபாடு கற்பித்தனர். ஜோசப் எசக்கியேல் ராஜ்பூர்கர் வழிபாட்டு நூல்களை மராத்தியாக்கினார். கல்வி வளர வளர எபிரேயப் பெயர்கள் மீண்டன; கதவடைப்பும் சாடியும் பேச்சிலிருந்து நழுவத் தொடங்கின. அந்த இடைவெளியில் பழஞ்சொற்களை எழுத்தில் நிறுத்தியவர் கெஹிம்கர்.

1960களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் குடியேறிய இம்மக்களின் யூதத்தன்மை திருமணப் பதிவில் ஐயத்திற்குள்ளாயிற்று. அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என அந்நாட்டுப் பாராளுமன்றம் 1964இல் அறிவித்தது. ஒரு மக்களின் உரிமையைப் பிறர் அளக்கும்போது, அவர்தம் அடுக்களைச் சொல்லும் சான்றாக நிற்கவல்லது. அச்சொல்லை எபிரேயத்திற்குத் திருத்தி எழுதும் மொழிபெயர்ப்பாளர் அச்சான்றையும் உடன் அழித்துவிடுகிறார்.