கட்டி வெட்டிய வாய்க்கால்

மணற்குழிகளும் பண்ணைகளும் நிறைந்திருந்த தெம்பனிஸ், 1970களின் இறுதியிலிருந்து புதுநகராக எழுந்தது. சாலையும் நீர்க்குழாயும் வந்த பின்னரே மக்கள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். வழியும் நீருமின்றி ஊர் வளர்வதில்லை. உடலில் தோன்றும் புற்றுக்கட்டியும் இவ்விதிக்கு விலக்கன்று. ஆயின், தனக்கு வேண்டிய வாய்க்காலை அது தானே வெட்டுவித்துக்கொள்கிறது. இவ்வுண்மை மருந்தாகக் கனிவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், உடலுக்கு வெளியே பேணப்பட்ட சுரப்பிகளில் புற்றணுக்களை இட்டு வளர்த்தார். கட்டிகள் ஊசித்தலை அளவோடு நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலில் பொருத்தியபோது பெருத்து வளர்ந்தன. காரணம் யாது? எலியின் உடலில் புதிய இரத்த நாளங்கள் கட்டியை நாடி வந்திருந்தன. தனித்த சுரப்பியில் அவை முளைக்கவில்லை.

நாளங்களை அழைக்கும் பொருளொன்றைக் கட்டி சுரக்கிறது; அவ்வழைப்பைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சி தடைப்படும் என்று 1971இல் அவர் எழுதினார். அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். ஃபோக்மன் தளரவில்லை. 1989இல் ஃபெராரா என்பாரின் குழுவினர், நாளங்களை வளர்க்கும் தலையாய புரதமொன்றைப் பிரித்தறிந்தனர்.

குடற்புற்றிலும் இதுவே நிகழ்கிறது. பெருங்குடலின் உட்சுவரில் எழும் சிறு முளை, பெரும்பாலும் பல்லாண்டுகள் கழித்தே புற்றாகிறது. கட்டி பருக்கப் பருக்க, உள்ளிருக்கும் அணுக்களுக்கு உயிர்வளி எட்டுவதில்லை. அவை அப்புரதத்தை வெளியிடுகின்றன. அருகிலுள்ள நாளங்கள் கிளைவிட்டுக் கட்டியை நோக்கி நீள்கின்றன. உணவு வந்த வழியே புற்றணுக்கள் வெளியேறிக் கல்லீரலை அடைவதும் உண்டு.

2004 பிப்ரவரியில், பரவிய குடற்புற்றுக்கு அப்புரதத்தைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்தை அமெரிக்கா ஏற்றது. ஆய்வில், வழக்கமான மருந்துகளை மட்டும் பெற்றோர் இடைநிலை அளவாக 15.6 மாதங்களும், இதனையும் சேர்த்துப் பெற்றோர் 20.3 மாதங்களும் வாழ்ந்தனர். நோய் நீங்கிவிடவில்லை, ஏறத்தாழ ஐந்து மாதங்களே கூடின. ஆயினும் ஒரு குடும்பத்திற்கு அவை பொன்னான நாள்கள். 2008இல் மறைந்த ஃபோக்மன், தம் கருத்து பலித்ததைக் கண்டே கண்மூடினார்.

சிங்கப்பூரில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் குடற்புற்றும் ஒன்று. ஐம்பது வயது நிறைந்தோர் ஆண்டுதோறும் மலச்சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ அறிவுரை. தெம்பனிஸ் வாழ் பெரியோர் பலர் கூச்சத்தால் அதனைத் தள்ளிப்போடக்கூடும். வாய்க்கால் பெருகிய பின் அதனை அடைக்க அறிவியலுக்கே அரும்பாடாயிற்று. முளையிலேயே கிள்ளுவதோ எளிது; கூச்சத்தை விடுவதொன்றே அதற்குரிய விலை.