பிழைத்தடம் (பைத்தான்)
பைத்தான் நிரல் பிழையில் சிக்கி நிற்கும்போது, எந்தெந்தச் செயற்கூறுகள் வழியாக அந்த இடத்துக்கு வந்தது என்று காட்டும் பட்டியல், வழக்கில் டிரேஸ்பேக். ஒவ்வொரு படியிலும் கோப்பின் பெயர், வரி எண், செயற்கூற்றின் பெயர், அந்த வரி ஆகியவை இருக்கும். கடைசி அழைப்பு அடியில் வருவதால் கீழிருந்து மேலாகப் படிப்பதே நல்லது.

இதைச் சரமாகப் பெற, மொழியோடு வரும் டிரேஸ்பேக் நிரல்கூறு உதவுகிறது. பிழையைப் பிடித்த இடத்தில் ஃபார்மட்_எக்ஸ்சி என்பதை அழைத்தால் முழுத் தடமும் ஒரே உரையாகக் கிடைக்கும். இரவில் ஆளின்றி ஓடும் நிரலுக்கு இது இன்றியமையாதது. பிழையின் பெயரை மட்டும் எழுதிவைத்தால் காலையில் வருபவருக்கு ஒன்றும் பிடிபடாது.

2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, வரிக்குள் தவறிய பகுதியின் அடியில் கூரைக்குறி (^) இடுகிறது. விலை['அரிசி']['கிலோ'] என்ற வரியில் ['அரிசி'] என்ற இடத்தில் பிழை எழுந்ததா, ['கிலோ'] என்ற இடத்தில் எழுந்ததா என்பது உடனே தெரிந்துவிடும். பைத்தான் 3 தமிழ்ப் பெயருள்ள மாறிகளையும் ஏற்கும். ஆனால் திரையில் ஓர் எழுத்தாகத் தெரியும் 'கி' யூனிகோடில் இரண்டு குறியீடுகள். கூரைக்குறியின் இடம் குறியீடுகளை எண்ணியே கணிக்கப்படுவதால், தமிழ் வரிகளில் அது இடம் தப்பி வலப்புறம் விழக்கூடும். தமிழ்ப் பயனர்களுக்கு இது உண்மையான குறை; சரிசெய்யப்பட வேண்டியது. பதிவுக் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் திறக்காவிட்டால், விண்டோஸில் தமிழ் வரியுள்ள தடத்தை எழுதும்போதே இன்னொரு பிழை எழலாம்.